மொழி பிறந்தது கையிலா, மூச்சிலா? மனிதப் பரிணாமத்தில் உடலசைவின் இடம்

குறிஞ்சிவாணன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மொழியின் தோற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே நாம் மூளையில்தான் போய் நிற்கிறோம். மூளை பெருத்தது, அறிவு வளர்ந்தது, அதன் விளைவாகப் பேச்சு வந்தது என்ற வரிசை பள்ளிப் பாடங்களிலிருந்தே நம் மனத்தில் பதிந்துவிட்டது. புதைபடிவங்கள் காட்டும் வரிசை அதுவன்று. தான்சானியாவின் லயட்டோலியில் மேரி லீக்கியின் குழுவினர் 1978-இல் வெளிக்கொணர்ந்த காலடித் தடங்கள் ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. எரிமலைச் சாம்பல் நனைந்து இறுகிய பரப்பில், குதிகால் முதலில் ஊன்றியதும், பெருவிரல் மற்ற விரல்களை ஒட்டியே முன்னோக்கி இருந்ததும் தெளிவாகப் பதிந்திருக்கின்றன. எத்தியோப்பியாவில் 1974-இல் கிடைத்த ‘லூசி’ எந்த இனமோ அந்த இனமே இத்தடங்களைப் பதித்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அந்த இனத்தின் மூளை அளவு நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. நிமிர்ந்த நடை வந்து பல லட்சம் ஆண்டுகள் கழிந்த பிறகுதான் மூளை பெருக்கத் தொடங்கியது.

நடை மாறியதால் கைகள் விடுபட்டன. விடுபட்ட கைகள் கல்லை உடைத்தன, சுமந்தன, சுட்டிக்காட்டின. எனவே மொழியின் முதல் வடிவம் கையசைவாகவே இருந்திருக்க வேண்டும் என்ற கருத்தை நான் ஏற்கிறேன். 1746-இல் பிரெஞ்சு மெய்யியலாளர் கோந்தியாக் இதைச் சொன்னார். 1973-இல் மானுடவியலாளர் கார்டன் ஹியூஸ், வாலில்லாக் குரங்குகளைப் பற்றிய புதிய சான்றுகளுடன் இதற்கு உயிரூட்டினார். அச்சான்றுகளுள் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தம்பதியர் ஒருவர் விக்கி என்ற சிம்பன்சிக் குட்டியைத் தம் பிள்ளையைப் போலவே வீட்டில் வளர்த்து, அதன் உதடுகளைக் கையால் பிடித்து அசைத்துக்கூடப் பேசக் கற்பித்தனர். ஆண்டுக்கணக்கான முயற்சிக்குப் பிறகும், ‘மாமா’, ‘பாபா’, ‘கப்’ போன்ற மிகச் சில சொற்களையே அது மூச்சொலியாக வெளியிட்டது. 1966-இல் கார்ட்னர் தம்பதியர் வாஷோ என்ற சிம்பன்சிக்கு அமெரிக்கச் சைகைமொழியைக் கற்பிக்கத் தொடங்கியபோது, சில ஆண்டுகளிலேயே அது நூற்றுக்கும் மேற்பட்ட சைகைகளைப் பயன்படுத்தியது. வாஷோ கற்றதை மொழி என்று சொல்லலாமா என்பது தனிக் கேள்வி. ஆனால் நம் நெருங்கிய உறவினங்களில் மனத்தின் விருப்பத்திற்குக் கட்டுப்படும் உறுப்பு கையே, தொண்டை அன்று என்பது இவ்விரண்டிலும் தெளிவாகிறது.

இக்கருத்தை மறுப்பவர்கள் தங்கள் காரணங்களை விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அகன்விழி

நீங்கள் தொடங்கிய இடம் சரி. ஆனால் நிமிர்ந்த நடையால் விடுபட்டவை கைகள் மட்டும்தானா? நான் உடலியங்கியல் கற்பிப்பவள். என் பார்வையில் மூச்சு விடுபட்டதற்குக் கைகள் விடுபட்டதற்குச் சமமான முக்கியத்துவம் உண்டு. ஆனால் மொழியின் தோற்றம் பற்றிய விவாதங்களில் அதற்கு உரிய இடம் கிடைப்பதே இல்லை.

பாய்ந்தோடும் நாய், குதிரை ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். முன்னங்கால்கள் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடலின் எடை மார்புக்கூட்டின்மீது இறங்குகிறது. வயிற்றுறுப்புகள் முன்னும் பின்னும் நகர்ந்து உதரவிதானத்தைத் தள்ளுகின்றன. ஆகவே ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்ற விகிதத்திலிருந்து அவ்விலங்கால் விலக முடிவதில்லை. டென்னிஸ் பிராம்பிளும் டேவிட் கேரியரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், ஓடும் மனிதர்கள் நான்கு அடிக்கு ஒரு மூச்சு, மூன்று அடிக்கு ஒரு மூச்சு, இரண்டு அடிக்கு ஒரு மூச்சு என்று பல விகிதங்களுக்கு இடையே மாறிக்கொள்வதைக் காட்டினர். இரண்டு காலில் நிற்கும் உடலில் மார்பு எடை தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டதால்தான் இந்த நெகிழ்வு கிடைத்தது.

பேச்சுக்கு இது எவ்வளவு இன்றியமையாதது என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். குறிஞ்சிவாணன் ஐயாவின் பதிவிலிருந்து ஒரு நீண்ட வாக்கியத்தை உரக்கப் படித்தபடியே உங்கள் விலாவின்மீது உள்ளங்கையை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு சட்டென்று உள்ளே போகிறது. பிறகு பல நொடிகள் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. விரிந்த நுரையீரல் தானாகச் சுருங்க முனையும்போது, அதன் போக்கில் விட்டால் காற்று முழுவதும் ஒரே பெருமூச்சாகப் போய்விடும். அதனால் வாக்கியத்தின் தொடக்கத்தில், மூச்சை உள்ளிழுக்கும் விலாவிடைத் தசைகளே தொடர்ந்து இறுகி நின்று காற்றைத் தடுத்துப் பிடிக்கின்றன. நுரையீரல் காலியாகக் காலியாக அவை தளர்ந்து, வாக்கியத்தின் முடிவில் மூச்சை வெளித்தள்ளும் தசைகளும் வயிற்றுத் தசைகளும் பொறுப்பேற்கின்றன. குரல்வளைக்குக் கீழே காற்றழுத்தம் ஏறக்குறைய சீராக இருப்பது இந்தக் கைமாற்றத்தால்தான். இதைவிட நுணுக்கமான தசைக் கட்டுப்பாட்டை நாம் நாள்தோறும் வேறெங்கும் பயன்படுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

எப்போது இது வந்தது என்பதற்கு ஒரு தடயம் உண்டு. கென்யாவில் துர்க்கானா ஏரிக்கு அருகே 1984-இல் கிடைத்த, ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சிறுவனின் எலும்புக்கூட்டை ஆய்வு செய்த ஆன் மெக்லார்னன், மார்புப் பகுதி முதுகெலும்புக்குள் நரம்புத் தண்டு செல்லும் துளை நம்முடையதைவிடக் குறுகலாக இருப்பதைக் கண்டார். அச்சிறுவனுக்கு நெடுங்காலம் பின்னால் வாழ்ந்த நியாண்டர்தால் மனிதர்களில் அது நம்முடைய அளவை எட்டியிருந்தது. விலாத் தசைகளை ஆளும் நரம்புகள் இடைப்பட்ட காலத்தில் பெருகின என்பது அவருடைய முடிவு. அச்சிறுவனின் முதுகெலும்பு நோயுற்றதாக இருக்கலாம் என்று வேறு சிலர் வாதிட்டுள்ளதால், இதை முடிந்த முடிவாக நான் முன்வைக்கவில்லை.

விக்கியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குரங்குகளால் பேச முடியாமைக்குக் குரல்வளை இருக்கும் உயரமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2016-இல் டெக்கம்சே ஃபிட்ச் குழுவினர் மக்காக் குரங்கின் வாயும் தொண்டையும் அசைவதை ஊடுகதிர்க் காணொளியில் பதிந்து, அந்தத் தொண்டையாலேயே புரியும்படியான பேச்சை உருவாக்க முடியும் என்று கணித்துக் காட்டினர். கருவி இருக்கிறது, அதை இயக்கும் நரம்புப் பாதை இல்லை. மனிதரில் மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து குரல்வளைத் தசைகளின் நரம்பணுக்களுக்கு நேரடி இணைப்பு உண்டு. குரங்குகளில் அது இல்லை என்றே சொல்லலாம். ஆகவே பேச்சின் வரலாறும் ஓர் அசைவின் வரலாறே. கையசைவை மட்டும் உடலசைவு என்று கொண்டு, குரலை வேறெதுவோ போலப் பிரித்து நிறுத்துவதை நான் ஏற்கவில்லை.

செவ்வந்தி

காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இந்த விவாதத்தில் நிகராகுவாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

1977-இல் அந்நாட்டின் தலைநகர் மனாகுவாவில் சிறப்புக் கல்விக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. அதுவரை காது கேளாத குழந்தைகள் அவரவர் வீட்டில், அவரவர் குடும்பத்துக்கு மட்டும் புரியும் சைகைகளோடு தனித்தனியே வாழ்ந்தனர். பள்ளியில் ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கவும் ஸ்பானிஷ் பேசவும் பயிற்றுவித்தனர்; அதில் வெற்றி கிட்டவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் குழந்தைகள் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேசத் தொடங்கினர். 1986-இல் அங்கு அழைக்கப்பட்ட மொழியியலாளர் ஜூடி கெகல், இளைய குழந்தைகளின் கைகளில் இலக்கணம் உள்ள ஒரு மொழி உருவாகிவருவதைக் கண்டார். யாரும் கற்பிக்காத மொழி அது.

ஆன் செங்காஸ் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வுதான் என்னை மிகவும் ஆட்கொண்டது. கார்ட்டூன் பூனை ஒன்று உருண்டபடி தெருச் சரிவில் இறங்கும் காட்சியைக் காட்டி, அதைச் சொல்லச் சொன்னார்கள். ஸ்பானிஷ் பேசும், காது கேட்கும் மக்கள் பேசும்போது செய்த சைகையில் உருளுதலும் இறங்குதலும் ஒரே அசைவாக, நிகழ்ச்சியின் படமாகவே இருந்தன. பள்ளியின் முதல் தலைமுறை மாணவர்களும் பெரும்பாலும் அப்படியே செய்தனர். பின்னால் வந்த தலைமுறையினர் அதை இரண்டாகப் பிரித்தனர்: முதலில் உருளுதலுக்கு ஒரு சைகை, அடுத்து இறங்குதலுக்கு ஒரு சைகை. உலகில் அவ்விரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. மொழி அவற்றைத் தனித்தனித் துண்டுகளாக்கி வரிசைப்படுத்துகிறது. அப்படித் துண்டாக்கியதால்தான் ‘உருளுதல்’ என்ற சைகையை வேறு எந்தத் திசையோடும் சேர்க்க முடிகிறது. அசைவு மொழியாக மாறும் இடம் இதுதான் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இதன் சிறு சாயலை வகுப்பறையில் நானும் பார்த்திருக்கிறேன். கிராமத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த சிறுவன் ஒருவன், தன் மாமா மிதிவண்டியிலிருந்து விழுந்த கதையைச் சொல்லத் தன் முழு உடலையும் பயன்படுத்தினான். மிதித்தான், தள்ளாடினான், தரையில் விழுந்தே காட்டினான். சில மாதங்கள் மற்ற குழந்தைகளோடு பழகிய பிறகு, அதே கதையை உட்கார்ந்த இடத்திலேயே சொன்னான். வண்டி என்று ஒரு சைகை, மாமா என்று ஒரு சைகை, மாமாவுக்கு என்று காற்றில் ஓர் இடம். பின்பு அந்த இடத்தைப் பார்த்தபடி விழுதலுக்கு விரல்களின் ஒரு சிறு திருப்பம். முகம் மட்டும் கதை முழுவதும் மாமாவின் முகமாகவே இருந்தது. உடல் முழுவதும் பரவியிருந்த அசைவு சுருங்கி, விரல்களிலும் கண்களிலும் புருவத்திலும் வந்து அமைந்ததை அன்று என் கண் முன்னே கண்டேன்.

நெடுவழி

மிக்க நன்றி, அம்மா. எனக்கு ஓர் ஐயம். பிறர் ஓர் அசைவைச் செய்வதைப் பார்க்கும்போதே நம் மூளையிலும் அதே அசைவுக்கான அணுக்கள் தூண்டப்படுவதாகவும், மொழியின் பிறப்புக்கு அதுவே விளக்கம் என்றும் பல இடங்களில் படித்திருக்கிறேன். கண்ணாடி நரம்பணுக்கள் என்று அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். இந்த விவாதத்தையே அவை முடித்துவைத்துவிடாதா?

அகன்விழி

முடித்துவைக்கா. இத்தாலியின் பார்மா நகரில் ஜாக்கோமோ ரிட்சொலாட்டி குழுவினர் 1990-களின் தொடக்கத்தில் மக்காக் குரங்கின் மூளையில் அவற்றைக் கண்டறிந்தனர். குரங்கு தானே ஒரு பொருளை எடுத்தபோதும், ஆய்வாளர் எடுப்பதைப் பார்த்தபோதும் ஒரே அணுக்கள் செயல்பட்டன. அவை இருந்த பகுதி, பேச்சை உருவாக்குவதோடு தொடர்புடைய மனிதரின் ப்ரோக்கா பகுதிக்கு ஒப்பானதாகக் கருதப்பட்டதால், கையின் பற்றுதலிலிருந்து மொழி வளர்ந்தது என்று ரிட்சொலாட்டியும் மைக்கேல் ஆர்பிபும் 1998-இல் எழுதினர். ஆனால் மக்காக் குரங்குக்கு அந்த அணுக்கள் நிறைய இருந்தும் மொழி இல்லை. சைகையைப் பார்த்துப் பின்பற்றும் திறன்கூட மிகக் குறைவு. மொழிக்கு அவை உதவியிருக்கலாம். காரணமாக இருந்திருக்க முடியாது.

அசைவுக்கும் மொழிக்கும் உள்ள உறவைக் காட்ட, ஃபாக்ஸ்-பி2 மரபணு இதைவிட வலுவான சான்று என்பேன். லண்டனில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் கடுமையான பேச்சுக் குறைபாடு இருந்ததை ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணுவை 2001-இல் கண்டறிந்தனர். அவர்களுக்கு முதன்மையான இடர்ப்பாடு, உதடு, நாக்கு, தாடை ஆகியவற்றின் விரைவான அசைவுகளை வரிசையாகக் கோத்துச் செய்வதில்தான் இருந்தது; இலக்கணத்திலும் அவர்கள் தடுமாறினர். வரிக்குருவியின் மூளையில் இதே மரபணுவின் செயலைக் குறைத்தபோது, குஞ்சு தன் ஆசானின் பாட்டைத் தவறாகவே படியெடுத்தது. இதை ‘மொழி மரபணு’ என்று செய்தித்தாள்கள் எழுதியது பிழை. அசைவுகளை வரிசைப்படுத்தக் கற்கும் மூளைச் சுற்றுகளைக் கட்டுவதில் பங்கேற்கும் பல மரபணுக்களுள் இது ஒன்று.

குறிஞ்சிவாணன்

அகன்விழி அவர்கள் எழுப்பிய தடை கனமானது. கை முதலில், குரல் பிறகு என்று வைத்துக்கொண்டால், நன்றாக வளர்ந்துவிட்ட கைமொழியை நம் முன்னோர் ஏன் கைவிட்டுக் குரலுக்கு மாறினார்கள் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். இருட்டில் சைகை தெரியாது, கையில் சுமை இருந்தால் பேச முடியாது என்று வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் எனக்கு முழு நிறைவு தரவில்லை. மாறினோம் என்றால், இன்றும் கை ஏன் ஓயாமல் பேச்சோடு சேர்ந்து அசைகிறது?

அது வெறும் பழக்கமன்று என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. பிறவியிலேயே பார்வையற்ற சிறுவர்களை ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் ஆராய்ந்து, 1998-இல் முடிவுகளை வெளியிட்டனர். பிறருடைய சைகையை ஒருமுறைகூடக் கண்டிராத அவர்கள் பேசும்போது பார்வையுள்ளவர்களைப் போலவே கைகளை அசைத்தனர். எதிரே கேட்பவரும் பார்வையற்றவர் என்று தெரிந்தபோதும் அசைத்தனர்.

இரண்டாவது சான்று இயன் வாட்டர்மேன் என்ற ஆங்கிலேயர். 1971-இல், 19 வயதில், ஒரு நோய்க்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் உறுப்புகளின் நிலையை உணரும் திறனும் அவருக்கு அற்றுப்போயின. தசைகள் இயங்கும், ஆனால் கை எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தாலன்றி அவருக்குத் தெரியாது. ஒவ்வோர் அசைவையும் பார்வையால் கண்காணித்து நடக்கவும் உண்ணவும் கடும் முயற்சியால் மீண்டும் கற்றுக்கொண்டார். சைகை ஆய்வாளர் டேவிட் மெக்நீலும் மருத்துவர் ஜொனதன் கோலும் அவருடைய கைகளை அவர் பார்வையிலிருந்து மறைத்துவிட்டு ஆய்வு செய்தனர். அந்நிலையில் ஒரு பொருளைச் சரியாகப் பிடித்துக் கையாள அவரால் இயலவில்லை. ஆனால் கதை சொல்லச் சொன்னபோது, மறைந்திருந்த அதே கைகள் பேச்சின் அழுத்தத்தோடு இம்மியும் பிசகாமல் சேர்ந்து அசைந்தன. பொருளை எடுக்கும் கைக்கும் பேசும் கைக்கும் மூளையில் வழி ஒன்றே என்றால் இது நடந்திருக்காது. பேசும் கை வாயோடு சேர்ந்த அமைப்பைச் சார்ந்தது.

ஆகவே என் கருத்தை இப்படிக் கூர்மையாக்கிக்கொள்கிறேன்: கையும் குரலும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வளர்ந்தன, பொருளை உருவமாகக் காட்டும் பணி முதலில் கையில் மிகுந்திருந்தது. சைகை ஆய்வில் முன்னோடியான ஆடம் கெண்டன் இவ்விரண்டையும் பிரிக்கக் கூடாது என்றே வலியுறுத்தினார். நடு ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மக்களிடையே, கணவனை இழந்த பெண்கள் துக்ககாலத்தில் நீண்ட நாள்கள் வாய் திறந்து பேசுவதில்லை. அக்காலம் முழுவதும் அவர்கள் பயன்படுத்தும் விரிவான சைகைமொழியைக் கெண்டன் ஆராய்ந்திருக்கிறார். காது நன்றாகக் கேட்கும் மனிதர்களே, தேவை ஏற்பட்டால் பேச்சின் முழுச் சுமையையும் கைக்கு மாற்றிவிட முடிகிறது.

ஏட்டுச்சுவடி

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தோசையின் பிறப்பை உந்தியிலிருந்து எழும் காற்றில் தொடங்குகிறது. அக்காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்துகளாகின்றது என்கிறது. ஒலியை நா எங்கே சென்று பொருந்துகிறது, இதழ் எப்படி இயைகிறது என்ற அசைவுகளின் வழியே வகைப்படுத்திய மரபு நம்முடையது. பரிணாமத்தைப் பற்றி அந்நூல் எதுவும் சொல்வதாக நான் வாதிடவில்லை. பேச்சும் ஓர் அசைவே என்ற அகன்விழி அவர்களின் கருத்து, தமிழ் இலக்கணம் பயின்றவர்களுக்கு இயல்பாகவே உடன்பாடானது என்பதைப் பதிவு செய்ய விரும்பினேன்.

நெடுவழி

இதுவரை பேசியது லட்சக்கணக்கான ஆண்டுகளைப் பற்றியது. ஒரு குழந்தையின் வளர்ச்சியிலும் அசைவுக்கும் மொழிக்கும் இதே உறவு தெரிகிறதா? என் உறவினர் வீட்டில் காது கேளாத கைக்குழந்தை ஒன்று இருக்கிறது. சைகை கற்பித்தால் பிறகு பேச்சே வராது என்று அவர்களைப் பலர் அச்சுறுத்துகிறார்கள். அதனாலும் கேட்கிறேன்.

செவ்வந்தி

தெரிகிறது. எரிக் வாலும் ஜோசப் கேம்போசும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நடக்கத் தொடங்கிய குழந்தைகள், அதே வயதில் இன்னும் தவழ்ந்துகொண்டிருக்கும் குழந்தைகளைவிடக் கூடுதலான சொற்களை அறிந்திருந்தனர். நடக்கும் குழந்தை பொருளைக் கையில் ஏந்தித் தாயிடம் கொண்டுவந்து காட்டுகிறது; தாயும் அதற்கேற்ப வேறுவிதமாகப் பேசுகிறாள். காது கேட்கும் குழந்தை வாயால் மழலை பேசும் பருவத்தில், சைகைமொழி பேசும் பெற்றோரின் காது கேளாத குழந்தை பொருளில்லாத கையசைவுகளைத் தாளத்தோடு திரும்பத் திரும்பச் செய்கிறது. லாரா ஆன் பெட்டிட்டோ 1991-இல் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பின்படி, மழலை என்பது நாவுக்கு மட்டும் உரியதன்று.

உங்கள் உறவினரின் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1880-இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் பேச்சுமுறையே இருக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானித்தது. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் பல நாடுகளில் குழந்தைகளின் கைகள் தடுக்கப்பட்டன. சைகைமொழிக்குச் சொந்த இலக்கணம் உண்டு என்று வில்லியம் ஸ்டோக்கி 1960-இல் எழுதியபோதுகூட உடன் பணியாற்றியவர்களே அதை ஏற்கத் தயங்கினர். மிலான் தீர்மானத்தின் விளைவுகளுக்காக 2010-இல் வான்கூவரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடுதான் வருத்தம் தெரிவித்தது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் நம் ஊர்ப் பள்ளிகளிலும் அந்தத் தீர்மானத்தின் நிழல் இருந்தது. மேசைக்கு அடியில் கைகளை மறைத்துக்கொண்டு பேசிய பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

உங்கள் உறவினரிடம் இதைச் சொல்லுங்கள். முதல் சில ஆண்டுகளில் எந்த மொழியும் முழுமையாகக் கிடைக்காத குழந்தைக்கு, பிற்காலத்தில் எந்த மொழியின் இலக்கணமும் எளிதில் வசப்படுவதில்லை. சைகையாகக் கிடைத்த மொழியும் மொழியே; அது பேச்சைத் தடுப்பதில்லை. செவிக் கருவி பொருத்தினாலும், காதுக்குள் மின்கருவி பதிக்கும் உட்பதியம் செய்தாலும், அதனோடு சைகையும் தொடரட்டும். டெல்லியில் 2015-இல் நிறுவப்பட்ட இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் சொற்களைக் காணொளிகளாகத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது, அவற்றிலிருந்தே தொடங்கலாம். குழந்தையின் முகத்துக்கு நேரே, வெளிச்சம் உங்கள் கைகளின்மீது விழும்படி அமர்ந்து, ‘பால்’, ‘அம்மா’, ‘வேண்டும்’ என்று அன்றாடம் தேவைப்படும் சைகைகளை முதலில் காட்டச் சொல்லுங்கள். குழந்தை கையைத் தவறாக அசைத்தாலும் திருத்த வேண்டாம். பதில் சொன்னால் போதும்.